‘சார், நான் பேசுவது கேட்கிறதா?’: இணையவழி இன்டர்ன்ஷிப் நேர்காணலில் வரும் கோளாறுகளும் அவற்றைச் சரிசெய்யும் வழியும்

ஜனவரி பிறந்தால் எனக்கு வேலை கூடிவிடும். கோடைக்கால இன்டர்ன்ஷிப்புக்காக மூன்றாம் ஆண்டு மாணவர்களை வீடியோவில் நேர்காணல் செய்யும் குழுவில் நானும் ஒருவன். வார நாட்களில் கேள்வி கேட்கும் பக்கம் உட்காருகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு மாதிரி நேர்காணல் நடத்தி, பதில் சொல்லும் பக்கத்தையும் பார்க்கிறேன். அரை மணி நேர நேர்காணலில் முதல் எட்டு நிமிடத்தை மைக்கோடு மல்லுக்கட்டியே கழிக்கும் மாணவர், அந்தப் படபடப்பிலேயே அடுத்து வரும் எளிய கேள்விக்கும் திணறுகிறார். எங்கள் குறிப்பில் ‘அடிப்படை போதாது’ என்று ஏறிவிடுகிறது. போதாமல் இருந்தது மைக்தான்.

கணினி சார்ந்த படிப்பில் இருப்பவர்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். உங்கள் கோளாறு எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். எல்லாவற்றுக்கும் பொதுவாக ஒன்று: கோளாறு வந்ததும் பத்து நொடிக்குள் வாய்விட்டுச் சொல்லுங்கள். இரண்டு நிமிடத்தில் சரியாகவில்லையென்றால் அதை விட்டுவிட்டு மாற்று வழிக்குப் போய்விடுங்கள். மாற்று வழி என்பது பெரும்பாலும் உங்கள் கைப்பேசிதான். கூட்டத்தின் இணைப்பு அதிலும் திறக்கிறதா என்று முந்தின நாளே பார்த்துவையுங்கள். தொடர்பு கொள்ள வேண்டியவரின் எண்ணைத் தாளில் எழுதி மேசையில் வையுங்கள். இணையம் போன பிறகு மின்னஞ்சலைத் திறந்து எண்ணைத் தேட முடியாது.

சரியான நேரத்துக்கு வந்தேன், யாருமே இல்லை

முதலில் நேரத்தைச் சந்தேகியுங்கள். உள்நாட்டு நிறுவனம் என்றால் குழப்பம் குறைவு. ஆனாலும் ‘வெள்ளி 12.30 ஏஎம்’ என்று வந்தால் அது வியாழன் இரவு தூங்காமல் காத்திருக்க வேண்டிய நேர்காணல் என்பது பலருக்கு உறைப்பதில்லை. அமெரிக்கக் குழுவோடு பேசுவதென்றால் மார்ச் மாதத்தில் கூடுதல் கவனம் வேண்டும். அங்கே மார்ச் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளிவிடுவார்கள். கலிஃபோர்னியாவின் காலை 10 மணி, அதற்கு முந்தைய வாரம் நமக்கு இரவு 11.30, அதற்கு அடுத்த வாரம் 10.30. லண்டனிலும் மார்ச் கடைசி ஞாயிறன்று இதே மாற்றம் நடக்கிறது. பழக்கதோஷத்தில் கோடையிலும் ‘ஜிஎம்டி’ (லண்டனின் குளிர்கால நேரம்) என்றே எழுதுகிறவர்கள் உண்டு. மனக்கணக்குப் போடாதீர்கள். மின்னஞ்சலோடு வரும் காலண்டர் அழைப்பைத் திறந்தால் அதுவே இந்திய நேரத்தைக் காட்டும். அழைப்பு வரவில்லையென்றால், ‘இந்திய நேரப்படி இரவு 10.30 என்று புரிந்துகொள்கிறேன், சரிதானே?’ என்று ஒரு வரி எழுதிக் கேட்டுவிடுங்கள்.

நேரம் சரியாக இருந்தும் ‘அனுமதிக்காகக் காத்திருக்கவும்’ என்றே திரை நிற்கிறதா? எந்தப் பெயரில் நுழைந்திருக்கிறீர்கள் என்று பாருங்கள். வீட்டுக் கணினியில் அப்பாவின் கூகுள் கணக்கு திறந்திருக்கும்; எங்கள் திரையில் அப்பாவின் பெயர் வரும். எங்கள் பட்டியலில் அப்படி யாரும் இல்லையே என்று நாங்கள் கதவைத் திறக்காமல் இருப்போம். கைப்பேசியின் மாடல் பெயரோ விளையாட்டுக்காக வைத்த பட்டப்பெயரோ வந்தாலும் இதே கதைதான். விண்ணப்பத்தில் உள்ள பெயரை அப்படியே வையுங்கள்.

கேமரா கருப்பாக இருக்கிறது

பல மடிக்கணினிகளில் கேமராவின் மேல் சிறிய மூடி ஒன்று இருக்கும். அதை நகர்த்திப் பாருங்கள். சிரிக்க வேண்டாம், முக்கால்வாசி நேரம் அதுதான். மூடி திறந்தே இருந்தால், வேறொரு செயலி கேமராவைப் பிடித்து வைத்திருக்கலாம். காலையில் ஜூமில் சோதித்துவிட்டு அதை மூடாமலேயே கூகுள் மீட்டில் நுழைகிறவர்களுக்கு இது நேர்கிறது. அடுத்ததாக, பிரௌசரின் முகவரிப் பட்டைக்கு இடப்புறம் உள்ள சிறு குறியைத் தட்டி, கேமராவுக்கும் மைக்குக்கும் அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். அனுமதி கொடுத்த பிறகு பக்கத்தைப் புதுப்பிக்க வேண்டும். கடைசியாக, விண்டோஸ் செட்டிங்ஸில் ‘பிரைவசி’ பகுதிக்குள் ‘கேமரா’. அங்கே செயலிகளுக்கு ஒரு பொத்தானும் டெஸ்க்டாப் செயலிகளுக்குத் தனியாக இன்னொரு பொத்தானும் உண்டு. இரண்டாவதை யாரும் பார்ப்பதில்லை.

முகம் நிழலுருவமாகத் தெரிந்தால் சன்னல் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. மேசையைத் திருப்பிப் போடுங்கள்.

அவர்கள் பேசுவது எனக்குக் கேட்கிறது, நான் பேசுவது போகவில்லை

கூட்டத்தின் ஆடியோ அமைப்பில் எந்த மைக் தேர்வாகியிருக்கிறது என்பதே முதல் கேள்வி. ஹெட்செட்டைச் செருகினாலும் செயலி மடிக்கணினியின் மைக்கையே பிடித்துக்கொண்டிருக்கலாம். மாறாக, அடுத்த அறையில் கிடக்கும் புளூடூத் இயர்போனோடு இணைந்துகொண்டு, அங்கே ஓடும் மிக்சியின் ஓசையை எங்களுக்கு அனுப்பிக்கொண்டும் இருக்கலாம்.

கம்பி ஹெட்செட்டில் கேட்கிறது, பேச முடியவில்லை என்றால் அதன் முள்ளைப் பாருங்கள். மூன்று கறுப்பு வளையம் இருந்தால் ஒலியும் மைக்கும் ஒரே முள்ளில் போகின்றன. பழைய கணினிகளில் இரண்டுக்கும் தனித்தனித் துளை. அவற்றில் இந்த முள்ளைச் செருகினால் ஒலி மட்டும் வரும், மைக் வேலை செய்யாது. இரண்டாகப் பிரிக்கும் சிறு கம்பி ஒன்று மின்னணுக் கடைகளில் கிடைக்கிறது.

புளூடூத்தில் பாட்டு தேனாக ஒலிக்கிறது, நேர்காணல் தொடங்கியதும் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவதுபோல் ஆகிவிடுகிறது என்று ஒரு மாணவி முறையிட்டார். இயர்போனில் பழுதில்லை. சாதாரண புளூடூத்தால் உயர்தர ஒலியைக் கொடுத்துக்கொண்டே மைக்கையும் திறந்து வைக்க முடியாது. மைக் திறந்த நொடியில் அது தொலைபேசித் தரத்துக்கு இறங்கிவிடும். ஆகவே ஒலி புளூடூத்தில், மைக் மடிக்கணினியில் என்று பிரித்து வையுங்கள். சாதாரணக் கம்பி இயர்போன் கையில் இருந்தால் அதையே சிபாரிசு செய்வேன். சார்ஜ் தீராது, நடுவில் கைப்பேசியோடு போய் ஒட்டிக்கொள்ளாது.

எதிரொலிக்கிறது

இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. உங்கள் குரல் உங்களுக்கே திரும்பி வந்தால் கோளாறு பெரும்பாலும் எதிர்ப்பக்கத்தில். அவர்கள் ஸ்பீக்கரிலிருந்து வரும் உங்கள் குரல் அவர்கள் மைக்குக்குள் போகிறது. அதைப் பணிவாகச் சொல்லலாம், தவறில்லை. ‘எங்கள் குரல் எங்களுக்கே கேட்கிறது’ என்று அவர்கள் சொன்னால் கோளாறு உங்களிடம். இயர்போன் போட்டால் தீரும். மடிக்கணினி, கைப்பேசி இரண்டிலும் ஒரே கூட்டத்தில் நுழைந்திருந்தால் ஒன்றின் மைக், ஸ்பீக்கர் இரண்டையும் மூடுங்கள்.

குரல் விட்டுவிட்டு வருகிறது, படம் உறைந்து நிற்கிறது

கிடைக்கும் முறையீடுகளில் பாதி இதுதான். முதலுதவி: உங்கள் கேமராவை அணையுங்கள். அணைப்பதற்கு முன் ஏன் அணைக்கிறேன் என்று சொல்லிவிடுங்கள். ஜூம் நிறுவனம் தரும் கணக்குப்படி இருவர் பேசும் நல்ல தரமான வீடியோவுக்கு நொடிக்கு 600 கிலோபிட் வேகம் போகவும் வரவும் வேண்டும். குரல் மட்டும் என்றால் 60 முதல் 80 வரை போதும். கேமராவை அணைத்தால் நீங்கள் அனுப்ப வேண்டிய சுமையில் பெரும்பங்கு இறங்கிவிடுகிறது. வேகச் சோதனை செய்யும்போது பதிவிறக்க வேகத்தைப் பார்த்து மகிழாதீர்கள். நீங்கள் பேசுவது பதிவேற்றத்தில்தான் போகிறது. அந்த இரண்டாவது எண்தான் முக்கியம்.

அதே கணக்கை டேட்டாவுக்கும் போட்டுப் பாருங்கள். இரண்டு பக்கமும் 600 கிலோபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 500 எம்பிக்கு மேல் தீரும். எச்டி தரத்தில் ஒரு ஜிபியைத் தாண்டும். நாளொன்றுக்கு 1.5 ஜிபி திட்டத்தில், காலையில் ரீல்ஸ் பார்த்துவிட்டு மாலையில் நேர்காணலுக்கு உட்கார்ந்தால் நடுவழியில் ஒதுக்கீடு தீர்ந்துவிடும். தீர்ந்த பிறகு பல திட்டங்களில் கிடைக்கும் வேகம் 64 கிலோபிட். மேலே சொன்ன குரலுக்கான அளவோடு ஒப்பிட்டால், அங்கே குரலே தள்ளாடும். அன்று மட்டும் ஒரு கூடுதல் டேட்டா ரீசார்ஜ் செய்துவிடுங்கள்.

ஹாட்ஸ்பாட்டில் பேசுகிறவர்களுக்கு இரண்டாவது சிம் ஒரு வில்லன். முதல் சிம்மில் டேட்டா ஓடிக்கொண்டிருக்க, இரண்டாவது சிம்முக்கு அழைப்பு வந்து எடுத்தால் பல கைப்பேசிகளில் டேட்டா நின்றுவிடும். ‘நேர்காணல் முடிந்துவிட்டதா?’ என்று அம்மா கேட்கும் அந்த அழைப்பில்தான் நேர்காணல் முடிந்துபோகிறது. இரண்டாவது சிம்மை அந்த ஒரு மணி நேரம் அணைத்து வையுங்கள். வைஃபை ஹாட்ஸ்பாட்டைவிட யூஎஸ்பி கம்பி வழியாக இணைப்பது உறுதியானது. கைப்பேசிக்கு சார்ஜும் ஏறும்.

வீட்டு வைஃபையில் 2.4, 5 என இரண்டு அலைவரிசை தெரிந்தால், ரௌட்டர் இருக்கும் அறையிலேயே உட்கார முடிகிறவர்கள் 5 கிகாஹெர்ட்ஸை எடுங்கள். இரண்டு சுவர் தள்ளி என்றால் 2.4தான் எட்டும்.

விடுதிக்காரர்களுக்கு ஒன்று. கல்லூரி வைஃபையில் சில கூட்டச் செயலிகள் அடைபட்டிருக்கும். அடைபடாவிட்டாலும், குறிப்பிட்ட நேரத்துக்கு ஒரு முறை மறுபடி உள்நுழையச் சொல்லித் துண்டிக்கும். நேர்காணல் நடக்கப்போகும் அதே அறையில், அதே நேரத்தில், முந்தின நாள் நண்பரோடு அரை மணி நேரம் பேசிப் பார்க்காமல் எதையும் நம்பாதீர்கள். இரவு 11 மணிக்குச் சோதித்துவிட்டு, விடுதியே விழித்திருக்கும் மாலை 6 மணிக்கு அதே வேகத்தை எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான்.

மின்சாரம் போய்விட்டது

மடிக்கணினி தாங்கும், ரௌட்டர் தாங்காது. ரௌட்டருக்கென்றே 12 வோல்ட் சிறு யூபிஎஸ் விற்கிறார்கள். ஆனால் தெருமுனையில் இருக்கும் கேபிள்காரரின் பெட்டிக்கும் மின்சாரம் வேண்டுமே, அதை மறக்க வேண்டாம். அதனால் கைப்பேசி டேட்டா எப்போதும் தயாராக இருக்கட்டும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உங்கள் பகுதிக்கு என்றைக்கு என்பது முன்கூட்டியே நாளிதழில் வந்துவிடும். பெரும்பாலும் காலை 9 மணியிலிருந்து பிற்பகல் 2 மணி வரை. தேதியைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் அந்த நாளைத் தவிருங்கள். ஒரு மாணவர், மின்சாரம் போன இருபதாவது நொடியில் கைப்பேசியிலிருந்து நுழைந்து, ‘மின்தடை, இனிக் குரல் மட்டும், பேட்டரி 70 சதவீதம் இருக்கிறது’ என்று சொல்லிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். அந்த வருடம் எங்கள் மூவருக்கும் நினைவில் நின்ற பெயர் அது.

திரையைப் பகிர முடியவில்லை

மேக் கணினி என்றால் இதைக் கட்டாயம் முந்தின நாளே செய்து பாருங்கள். திரைப்பதிவுக்கான அனுமதியை சிஸ்டம் செட்டிங்ஸில் தனியாகக் கொடுக்க வேண்டும். கொடுத்ததும் செயலியை மூடித் திறக்கச் சொல்லும், அதாவது கூட்டத்திலிருந்து வெளியேறித் திரும்ப வேண்டும். விண்டோஸில் இந்தத் தொல்லை இல்லை. எதில் என்றாலும் முழுத் திரையைப் பகிராமல் தேவையான சாளரத்தை மட்டும் பகிருங்கள். வாட்ஸ்அப் அறிவிப்பில் வரும் நண்பரின் பாராட்டுகளை நாங்கள் படிக்க வேண்டியதில்லை.

சரியாக 40ஆம் நிமிடத்தில் துண்டிக்கப்பட்டது

உங்கள் இணையம் போகவில்லை. நடத்துபவர் ஜூமின் இலவசக் கணக்கில் நடத்துகிறார். அதே இணைப்பை மறுபடி தட்டிக் காத்திருங்கள்.

நிரல் என் கணினியில் ஓடியது, அவர்கள் தளத்தில் ஓடவில்லை

இதற்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குகிறேன், ஏனென்றால் விடை தெரிந்தும் மதிப்பெண் இழக்கும் இடம் இது.

பைத்தானில் மதிப்புப் பிழை என்று வந்தால் உள்ளீட்டைப் பாருங்கள். ஒரே வரியில் ‘3 5’ என்று இரண்டு எண் வரும்போது மொத்த வரியையும் ஒரே முழு எண்ணாக மாற்றச் சொல்லியிருப்பீர்கள். இடைவெளியில் பிரித்துவிட்டு மாற்றுங்கள். ஜாவாவில் பெயர் வர வேண்டிய இடம் வெறுமையாக வந்தால், ஸ்கேனரில் நெக்ஸ்ட்இன்ட் போட்டு அடுத்ததாக நெக்ஸ்ட்லைன் போட்டிருக்கிறீர்கள். எண்ணுக்குப் பின்னால் மிச்சமிருந்த வரிமுடிவை அது தின்றுவிட்டது. நடுவில் ஒரு வெறும் நெக்ஸ்ட்லைன் போட்டால் தீர்ந்தது. வகுப்பின் பெயர் ‘மெயின்’ என்றே இருக்க வேண்டும் என்று சில தளங்கள் அடம்பிடிக்கும்.

சிறிய உள்ளீட்டுக்குச் சரி, பெரிய உள்ளீட்டுக்கு ‘நேரம் கடந்தது’ என்றால் நிரலில் எழுத்துப்பிழை தேட வேண்டாம். ஒரு லட்சம் எண்களில் கூட்டுத்தொகை பொருந்தும் ஜோடியைத் தேட ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு சுழல் (லூப்) போட்டால் ஏறக்குறைய 500 கோடி ஜோடிகள். பைத்தான் நொடிக்குச் சுமார் ஒரு கோடி எளிய செயல்களைச் செய்யும் என்று வைத்துக்கொண்டால், விடை வர எட்டு நிமிடத்துக்கு மேல் ஆகும். பார்த்த எண்களை ஓர் அகராதியில் (பைத்தானின் ‘டிக்ட்’) போட்டுக்கொண்டே போனால் ஒரே சுற்றில் முடியும். ஜாவாக்காரர்களுக்குக் கூடுதலாக ஒரு பள்ளம்: இன்ட் வகையின் உச்சம் சுமார் 214 கோடிதான். 500 கோடி என்ற எண்ணிக்கையே அதில் அடங்காது. எண் திடீரெனக் குறை எண்ணாக (மைனஸ்) மாறியிருந்தால் காரணம் இதுதான்.

வெறும் ஆவணத்தில் நிரல் எழுதச் சொல்வதும் உண்டு. வண்ணமும் இருக்காது, தானே முடித்துத் தரும் வசதியும் இருக்காது. அதற்காகவே வாரம் இரண்டு நாள் நோட்பேடில் எழுதிப் பழகுங்கள். எழுதும்போது நினைப்பதைச் சொல்லிக்கொண்டே எழுதுங்கள். பத்து நிமிட மௌனத்துக்குப் பிறகு வரும் சரியான விடையைவிட, வழியைப் பேசிக்கொண்டே வந்து கடைசி வரியில் தவறும் விடைக்கு நான் அதிக மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

‘உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்’ என்றதும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது

விண்ணப்பத்தை மேலிருந்து கீழே ஒப்பிக்க நினைப்பதால் வருகிறது. அப்பாவின் தொழில், பத்தாம் வகுப்பு மதிப்பெண் எல்லாம் வேண்டாம். மூன்று செய்தி போதும்: என்ன படிக்கிறேன், எதைச் செய்து பார்த்தேன், இந்த இன்டர்ன்ஷிப்பில் எதைக் கற்க வந்தேன். மனப்பாடம் செய்யாதீர்கள். முதல் வாக்கியத்தை மட்டும் உறுதியாக வைத்துக்கொண்டு, மீதியை ஒவ்வொரு முறையும் வேறு சொற்களில் சொல்லிப் பழகுங்கள்.

ஆங்கிலம்தான் தடை என்றால், கேள்விக்குத் தமிழில் விடை அமைத்து அதை ஆங்கிலமாக்கும் அந்த இடைவெளிதான் உங்களைத் திணறடிக்கிறது. குறுகிய வாக்கியங்களாகச் சொல்லுங்கள். இலக்கணப் பிழைக்காக யாரையும் நான் நிராகரித்ததில்லை. கேள்வியே புரியாமல் வேறெதற்கோ விடை சொன்னவர்களை நிராகரித்திருக்கிறேன். புரியாவிட்டால், ‘நீங்கள் கேட்பது இதுதானா?’ என்று உங்கள் சொற்களில் திருப்பிக் கேளுங்கள். யோசிக்க அரை நிமிடம் கேட்பதற்கான வாக்கியத்தையும் முன்பே வாயில் பழக்கி வையுங்கள்.

ப்ராஜெக்ட் பற்றிய இரண்டாவது கேள்வியிலேயே நின்றுவிடுகிறேன்

முதல் கேள்விக்கு எல்லோரிடமும் விடை உண்டு. இரண்டாவதுதான் ‘இதில் நீங்கள் செய்தது எது?’ நால்வர் குழுவில் அறிக்கை மட்டும் தயாரித்திருந்தால் அப்படியே சொல்லுங்கள். ஆனால் நேர்காணலுக்கு முன் அவகாசம் இருக்கும்போதே ஒரு பகுதியை நீங்களே திரும்ப எழுதிப் பாருங்கள்.

விடுதி மெஸ் கணக்குச் செயலியை எடுத்துக்கொள்வோம். டிவைடிங் முறையில் மாதச் செலவை மாணவர்களின் நாட்கணக்கில் பிரிக்க வேண்டும். நான் கேட்பேன்: ஊருக்குப் போனவரின் நாட்களை எப்படிக் கழித்தீர்கள்? மாதக் கடைசியில் ஒருவரின் கணக்கைத் திருத்தினால் மற்றவர்களின் தொகை என்ன ஆகும்? இரண்டு பிரதிநிதிகள் ஒரே நேரத்தில் செலவைப் பதிந்தால்? பைசாவை முழுமையாக்கும்போது மீதி யார் தலையில் விழும்? இவை புத்தகக் கேள்விகள் அல்ல. அந்தச் செயலியை உண்மையாகவே நாற்பது பேர் ஒரு மாதம் பயன்படுத்தியிருந்தால் யாராவது சண்டை பிடித்துக் கேட்டிருப்பார்கள். உங்கள் ப்ராஜெக்டை அறைத்தோழரிடம் கொடுத்து, குறை கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அவர் கேட்பதெல்லாம் நேர்காணலில் வரும். விண்ணப்பத்தில் எழுதிய ஒவ்வொரு திறனுக்கும் இதே சோதனைதான். மூன்று கேள்வி தாங்காத திறனை அடித்துவிடுங்கள்.

‘எதையோ பார்த்துப் படிக்கிறீர்களா?’ என்று கேட்டுவிட்டார்கள்

உண்மையில் படிக்கவில்லையென்றால், கூட்டத்தின் சாளரம் திரையின் ஓரத்தில் இருக்கிறது. கண் அங்கே போகிறது. அதைச் சிறிதாக்கிக் கேமராவுக்கு நேர் கீழே நகர்த்துங்கள். இரண்டாவது திரையை அணைத்துவிடுங்கள்.

உண்மையிலேயே செயற்கை நுண்ணறிவுக் கருவியைக் கேட்டுப் படிக்கிறீர்கள் என்றால், அது எங்களுக்குத் தெரிகிறது. எந்தக் கேள்வி என்றாலும் ஒரே அளவு தாமதம், பிறகு மூச்சுவிடாத பாடநூல் நடை. நாங்கள் ‘ஏன்?’ என்று ஒற்றைச் சொல்லில் குறுக்கிடுவோம், அங்கே ஓட்டம் நின்றுவிடும். அதற்குச் சரிசெய்யும் வழி எதையும் நான் எழுதப்போவதில்லை.

தேர்வாகிவிட்டேன், பதிவுக் கட்டணம் கட்டச் சொல்கிறார்கள்

கட்டாதீர்கள். பயிற்சிக் கட்டணம், திருப்பித் தரப்படும் முன்பணம், மடிக்கணினிக்கான வைப்புத்தொகை என்று எந்தப் பெயரில் வந்தாலும் கட்டாதீர்கள். ஐந்து நிமிடம் பேசிவிட்டு உடனே தேர்வு என்பதும், உங்கள் கணினியைத் தொலைவிலிருந்து இயக்கும் செயலியை நிறுவச் சொல்வதும் அதே வகைதான். சந்தேகமிருந்தால் நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் உள்ள முகவரிக்கு எழுதிக் கேளுங்கள், உங்களுக்கு வந்த அஞ்சலுக்குப் பதிலாக அல்ல.

நேர்காணல் நன்றாகப் போனது, பத்து நாளாகப் பதில் இல்லை

ஸ்பேம் பெட்டியைப் பாருங்கள். அங்கும் இல்லையென்றால் ஒரே ஒரு அஞ்சல் எழுதுங்கள். புதிதாகத் தொடங்காமல், நேர்காணலுக்கு அழைத்த அதே அஞ்சலுக்குப் பதிலாக எழுதினால் நீங்கள் யாரென்று தேட வேண்டியிருக்காது. எந்தத் தேதியில் நேர்காணல் நடந்தது, எந்தப் பணிக்கு, முடிவு எப்போது தெரியும், இந்த மூன்றும் நான்கு வரியில் அடங்கும். நேர்காணலில் விடை தெரியாமல் விட்ட கேள்விக்குப் பிறகு விடை கண்டிருந்தால் அதை ஐந்தாவது வரியாகச் சேருங்கள். இதுவரை இரண்டே பேர்தான் எனக்கு அப்படி எழுதியிருக்கிறார்கள்.